மூலையில் கறுப்பு மை: மனதைக் கலக்கும் காட்சிகளுக்கு எச்சரிக்கை எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தபால்காரர் தரும் அட்டையில் என்ன செய்தி என்று பாதி தெரிந்துவிடும். மூலையைப் பார்ப்பார். மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணமோ காதுகுத்தோ. கறுப்பு மை இருந்தால் கருமாதி. கறுப்பு என்றால் அட்டை வாசற்படி தாண்டாது. திண்ணையில் உட்கார்ந்து, என்னைப் படிக்கச் சொல்லி, யார் என்று தெரிந்துகொண்டு, அழவேண்டியதை அங்கேயே அழுது, அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

தந்தி கதை வேறு. தந்தி என்ற சொல் காதில் விழுந்ததுமே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். பிரித்துப் பார்த்தால் மாமாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்த சேதியாக இருக்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது பலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். அப்பத்தா இருந்திருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்.

ஒரு காணொளிக்கோ கட்டுரைக்கோ முன்னால் நாம் போடும் எச்சரிக்கை கறுப்பு மூலையாகவும் இருக்கலாம், தந்தியாகவும் இருக்கலாம். கறுப்பு மூலை, வரப்போவது என்ன வகை என்று சொல்லி, எங்கே உட்கார்ந்து படிப்பது என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறது. தந்தி வெறுமனே நெஞ்சை அடைக்கவைக்கிறது. தமிழ் ஊடகம் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது: 'இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்', 'நெஞ்சைப் பதறவைக்கும் சிசிடிவி காட்சி'. பேய்ப்பட சுவரொட்டியில் தொடங்கிய பழக்கம் இப்போது செய்தி வீடியோவின் முகப்புப் படத்தில் (தம்ப்நெயில்) வந்து நிற்கிறது. எச்சரிக்கை என்று பெயர், வேலையோ வாசலில் நின்று கூவி ஆள் பிடிப்பது.

யூடியூப் சேனல், குறும்படம், பாட்காஸ்ட், சிறுகதை என்று ஏதாவது ஒன்றை நாலு பேருக்குக் காட்டும் எல்லாருக்கும் கறுப்பு மூலையைச் சரியாகத் தடவச் சொல்லித்தருவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். நான் வீடியோ எடிட்டர். இதில் சொல்லும் பாதியைத் தவறு செய்துதான் கற்றேன். அதில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்குவழிச் சாலை விபத்துகள் பற்றி 14 நிமிட வீடியோ ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். தொடக்கத்தில் 'மனதை உருக்கும் காட்சிகள் உள்ளன' என்று நானே ஒரு வரி போட்டேன். 6ஆம் நிமிடத்தில் ஒரு பைக்கை லாரி அடிக்கும் சிசிடிவி காட்சி. மறுநாள் ஒரு அக்கா, என் எண்ணை எங்கிருந்தோ வாங்கிப் பேசினார். அவருடைய தம்பி அதே மாதிரி போனவர். கோபமாகக்கூடப் பேசவில்லை. “உருக்கும்னு போட்டிருந்தீங்க. உருகுறதுன்னா வீட்டாளுங்க அழுவாங்கபோலன்னு நினைச்சேன் தம்பி. அடிக்கிறதையே காட்டுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா அதை மட்டும் தள்ளிவிட்டுட்டு மிச்சத்தைப் பார்த்திருப்பேன்.”

நான் எச்சரிக்கை போட்டிருந்தேன். ஆனால் அதில் சேதி இல்லை.

முதல் படி: காட்டத்தான் வேண்டுமா?

எச்சரிக்கை எழுத உட்காரும் முன் எடிட்டிங் டைம்லைனில் அந்த இடத்துக்குப் போய், அதை எடுத்துவிட்டால் சொல்லவந்த விஷயம் குறைகிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு முறை குறைவதில்லை. விபத்து வீடியோவிலும் அப்படித்தான். லாரி வருவதைக் காட்டி, அடிக்கும் கணத்துக்கு முன் நிறுத்தி, சாலையில் கிடக்கும் ஒற்றைச் செருப்புக்குப் போயிருந்தால் போதும்.

2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது நினைவிருக்கும். கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள், நான்கு பேருமே பிழைக்கவில்லை. அந்தப் படங்கள் அன்று மாலைக்குள் எத்தனை கைபேசிகளில் திறந்தன! பெரும்பாலானவர்கள் தேடிப் பார்க்கவில்லை. விரலால் மேலே தள்ளியபோது தானாக வந்து நின்றது. அந்தப் படம் இல்லாமலே அந்தச் செய்தியை எழுத முடியும். கந்துவட்டி என்ற சொல்லே போதிய அளவு சுடும்.

மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 ஜனவரியில் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. இறந்த உடல்கள், ரத்தம் தோய்ந்த காயங்கள், ஆசிரியர் மாணவரை அடிப்பது போன்ற காட்சிகளை மங்கலாக்காமலும் தொலைவிலிருந்து காட்டாமலும், அருகே போய் வட்டம் போட்டெல்லாம் காட்டுகிறீர்கள் என்று கடிந்துகொண்டது. சிவப்பு வட்டம் போடும் வழக்கம் அதற்குப் பிறகும் நின்றபாடில்லை, அது வேறு விஷயம்.

எச்சரிக்கை போட்டுவிட்டால் எதையும் காட்டலாம் என்றும் இல்லை. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் வரும். பெயர் மட்டும் அடையாளம் இல்லை. பள்ளிச் சீருடை, தெருமுனைக் கோயில், அப்பாவின் பெட்டிக்கடை எல்லாமே அடையாளம்தான். இங்கே எச்சரிக்கைக்கு வேலையே கிடையாது, வெட்டிவிட வேண்டியதுதான்.

இரண்டாம் படி: ஒருமுறை பேனாவோடு பாருங்கள்

அந்தக் காட்சி இருந்தே ஆகவேண்டும் என்று முடிவான பிறகு, முழுவதையும் ஒரு தடவை தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், கையில் தாளோடு. எடிட்டராகப் பார்த்தால் எதுவும் தெரியாது, நாற்பது முறை பார்த்து நமக்கு மரத்துப்போயிருக்கும். அதனால் அந்தப் படத்தில் வேலை செய்யாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைப்பது நல்லது. அவர் நாற்காலியில் நெளியும் இடத்தையெல்லாம் குறியுங்கள்.

தாளில் நான்கு விஷயம் வேண்டும்: எந்த நிமிடம், என்ன, எவ்வளவு நேரம், பார்க்கிறோமா கேட்கிறோமா இல்லை யாராவது சொல்கிறார்களா. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி இறந்த ஒரு தொழிலாளியைப் பற்றி 22 நிமிட ஆவணப்படம் என்று வைத்துக்கொள்வோம். தாள் இப்படி இருக்கும்:

04:35 முதல் 05:20 வரை: அக்கா தொலைபேசியில் கதறி அழுகிறார். குரல் மட்டும்.
09:02 முதல் 09:14 வரை: உடலை மேலே தூக்குகிறார்கள். முகம் தெரியவில்லை. கால் தெரிகிறது.
13:40: மேற்பார்வையாளர் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார். இரண்டு முறை.
17:30 முதல் 18:05 வரை: இறந்தவரின் தம்பி, தானும் செத்துப்போவதாகச் சொல்கிறார்.

இங்கே ஒரு விஷயம். வெளிநாட்டு வீடியோ தளங்களில் இருந்து வரும் பட்டியல்களில் வன்முறை, ஆபாசம், போதை, கெட்டவார்த்தை என்று நான்கு கட்டம்தான் இருக்கும். 13:40ஐ அதில் எங்கே போடுவது? 'கெட்டவார்த்தை' என்று போட்டால் அது பொய். சாதி வசை கேட்டு வளர்ந்தவருக்கு அது கெட்டவார்த்தை அல்ல, அடி. ஆணவக்கொலை, மலக்குழி மரணம், ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லப்படும் மருமகள் மரணம், தீக்குளிப்பு, காவல் நிலையச் சித்திரவதை, பிள்ளையின் பிணத்தைப் பார்க்கும் தாய் ஆகியவைதான் இந்த மண்ணில் மனிதரைத் தூங்கவிடாமல் செய்பவை. பட்டியலை இங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஈழத்துப் பார்வையாளர்களுக்கு இன்னும் சில. குண்டு போடும் 'கிபிர்' போர் விமானத்தின் இரைச்சல் திரையரங்கு ஸ்பீக்கரில் திடீரென்று வந்தால் மற்றவருக்கு அது வெறும் ஒலிச் சேர்ப்பு. வன்னியில் பதுங்கு குழிக்குள் இருந்தவருக்கு உடம்பு தானாகக் குனியும். ஒவ்வோர் ஆண்டும் மே 18ஐ ஒட்டி முள்ளிவாய்க்கால் படங்கள் மீண்டும் சுற்றிவரும். அவற்றைப் பார்ப்பவர்களில் காணாமல் ஆக்கப்பட்டவரின் தாயும் இருப்பார், படத்தின் மூலையில் கிடப்பது தன் மகனோ என்று பெரிதாக்கிப் பார்ப்பவர் அவர். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளில், பழங்குடி மக்களுக்காக, 'இந்த நிகழ்ச்சியில் இறந்தவர்களின் படங்களும் குரல்களும் இருக்கலாம்' என்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் உண்டு. ரத்தம் ஒரு துளிகூட இல்லாத நிகழ்ச்சிக்கும் சொல்கிறார்கள். முள்ளிவாய்க்கால் காட்சிகளுக்கு முன் நாம் போடவேண்டியது 'கோரக் காட்சி' என்பதைவிட இந்த மாதிரி ஒரு வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது: 'இதில் 2009இல் இறந்தவர்களின் முகங்கள் தெரிகின்றன.'

மூன்றாம் படி: வரியை எழுதுவது

நல்ல எச்சரிக்கையில் என்ன இருக்கிறது, எந்த அளவுக்கு, எங்கே, வேண்டாதவர் என்ன செய்யலாம் என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசியதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன ஆவணப்படத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'கழிவுநீர்த் தொட்டியில் மூச்சுத் திணறி இறந்த ஒரு தொழிலாளியைப் பற்றிய படம் இது. 9ஆம் நிமிடத்தில் 12 விநாடிகள் அவர் உடல் தெரிகிறது, முகம் தெரியாது. 13ஆம் நிமிடத்தில் சாதி வசைச்சொல் வருகிறது. 17ஆம் நிமிடத்தில் ஒருவர் தற்கொலை எண்ணம் பற்றிப் பேசுகிறார். வேண்டாதவர்கள் 9:02லிருந்து 9:15க்கும், 17:30லிருந்து 18:06க்கும் தாண்டிப் போகலாம். கதை விட்டுப்போகாது.'

அழுகையைச் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? சாவு வீட்டைப் பற்றிய படத்தில் அழுகை வரும் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் அடுக்கினால் எதுவும் கண்ணில் படாது. சினிமாவில் சிகரெட் பற்றவைத்ததும் கீழே ஓடும் புகையிலை எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 அக்டோபரிலிருந்து திரையரங்கில் தவறாமல் வருகிறது. 2023 செப்டம்பரிலிருந்து ஓடிடியிலும் வருகிறது. அதைக் கடைசியாக எப்போது முழுதாகப் படித்தீர்கள்? எல்லாப் படத்துக்கும் ஒரே வாசகம் என்றால் அது சுவர்க் கடிகாரம் மாதிரி, இருப்பது தெரியாது.

சொல் தேர்வு பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் என் தவறே ஒரு சொல்லில்தான் இருந்தது. 'உருக்கும்', 'உலுக்கும்', 'பதறவைக்கும்', 'ரத்தத்தை உறையவைக்கும்' என்பவை எல்லாம் பார்ப்பவரின் நெஞ்சுக்கு என்ன ஆகும் என்று நாமே தீர்ப்புச் சொல்பவை. என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. பெயர்ச்சொல்லைப் போடுங்கள்: உடல், ரத்தம், அடி, வெட்டு, அலறல், பிரசவம், கருச்சிதைவு, விலங்கை அறுப்பது. 'இளகிய மனம் படைத்தோர் தவிர்க்கவும்' என்ற வாசகத்தை நான் வெறுக்கிறேன். தாண்டிப் போகிறவர் கோழை என்று அது மறைமுகமாகச் சொல்கிறது. வீட்டில் ஆம்பளைப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வேண்டுமென்றே பார்ப்பார்கள். 'கர்ப்பிணிகள் பார்க்க வேண்டாம்' என்பதும் அப்படித்தான், பார்ப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டியது அவர்.

அதே நேரம் எச்சரிக்கையே காட்சியாகிவிடக் கூடாது. 'கழுத்தை எப்படி அறுத்தார்கள் என்பது 3ஆம் நிமிடத்தில்' என்று எழுதினால், தாண்டிப் போகிறவர் மனதிலும் படம் ஓடிவிட்டது. 'கொலைக் காட்சி' போதும். கதைப்படம் என்றால் யார் சாகிறார் என்று சொல்லாதீர்கள். 'ஒரு குழந்தையின் மரணம் இடம்பெறுகிறது' என்றால் சேதி போய்ச் சேர்ந்துவிடும், கதை கெடாது. கெடுகிறது என்று இயக்குநர் சண்டைக்கு வந்தால், முழு விவரத்தைக் கீழே விளக்கப் பெட்டியில் (டிஸ்கிரிப்ஷன்) போட்டு, 'விவரம் வேண்டுவோர் கீழே பார்க்கவும்' என்று தொடக்கத்தில் ஒரு வரி போடுங்கள். நான் பார்த்தவரை இதில் எல்லாரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள்.

பொறுப்புத்துறப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'இப்படத்தில் வரும் பெயர்கள் அனைத்தும் கற்பனையே', 'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்பவை எடுத்தவரைக் காப்பாற்ற எழுதியவை, பார்ப்பவருக்காக அல்ல. ஆட்டை அறுக்கும் காட்சி கணினி வரைகலைதான் என்று தெரிந்தாலும், பார்க்கிறவருக்கு வயிற்றைப் புரட்டுவது புரட்டுவதுதான்.

இதனால் உண்மையில் பலன் உண்டா?

நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2023இல் 'க்ளினிக்கல் சைக்காலஜிக்கல் சயின்ஸ்' ஆய்விதழில், அதுவரை வந்த 12 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று வெளியானது. முன்னெச்சரிக்கை படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் காட்சியைப் பார்த்தபோது ஏற்பட்ட மனவருத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எச்சரிக்கை படித்ததால் ஜனங்கள் அதிகமாக ஒதுங்கிப் போகவும் இல்லை. ஆனால் காட்சி வரும்வரை இருக்கும் படபடப்பு கூடியது.

அப்பத்தாவுக்குத் தந்தி கொடுத்த அதே படபடப்புதான் அது. இதைக் காட்டி எச்சரிக்கையே வேண்டாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னிடம் பேசிய அக்கா வலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தாண்டிப் போக ஒரு நிமிட எண் கேட்டார். கருமாதி அட்டையின் மூலையில் உள்ள மை, சாவை லேசாக்குவதில்லை. எங்கே உட்கார்ந்து கேட்பது என்பதைத் தீர்மானிக்க விடுகிறது, அவ்வளவுதான். ஆகவே நிமிடக் கணக்கு இல்லாத எச்சரிக்கையை நான் இப்போது அரை எச்சரிக்கையாகத்தான் எண்ணுகிறேன். பயமுறுத்தும் பாதி மட்டும் அதில் இருக்கிறது, வழிவிடும் பாதி இல்லை.

நான்காம் படி: எங்கே வைப்பது?

காட்சிக்கு முன்னால் என்று பதில் சொல்வது சுலபம். ஆனால் இன்று காட்சி எங்கே தொடங்குகிறது? யூடியூபில் முகப்புப் படத்திலேயே தொடங்கிவிடுகிறது. உள்ளே ஆறு வரி எச்சரிக்கை எழுதிவிட்டு, முகப்பில் ரத்தம் தெறித்த முகத்தைப் பெரிதாக்கி வைத்தால் யாருக்கு லாபம்? முகப்பு, தலைப்பு, முதல் 15 விநாடி 'இன்றைய வீடியோவில்' துணுக்குத் தொகுப்பு ஆகிய மூன்றிலும் கலக்கும் காட்சி வரக்கூடாது. மூன்றாவதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். சுவாரஸ்யமான துண்டைத் தொடக்கத்தில் வைப்பது எங்கள் தொழில் பழக்கம், எச்சரிக்கை அட்டை அதற்குப் பின்னால்தான் வரும். அது, விருந்து பரிமாறிவிட்டு உப்பு அதிகம் என்று சொல்வது போல.

யூடியூபில் விளக்கப் பெட்டியில் நேரக் குறிப்புகளைப் போட்டால் வீடியோவே பகுதி பகுதியாகப் பிரியும். முதல் குறிப்பு 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடியாவது இருக்க வேண்டும். 12 விநாடிக் காட்சியைக்கூடத் தனிப் பகுதியாக்கி 'உடல் தெரியும் காட்சி' என்று பெயர் வைத்துவிடலாம். பார்ப்பவர் ஒரு தட்டில் தாண்டிவிடுவார். இவ்வளவு எளிதான வசதியை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

18 வயதுக்கு மேல் என்று நாமே குறிக்கும் வசதியும் உண்டு. அதைப் போட்டால் உள்நுழையாமல் பார்க்க முடியாது, பெரும்பாலான வேறு தளங்களில் பதித்தாலும் ஓடாது. விளம்பர வருமானமும் அடிவாங்கும் என்ற பயத்தில் பலர் தவிர்க்கிறார்கள். அந்தப் பயம் இருக்கிறவர்கள் முதல் படிக்குத் திரும்பிப் போய்க் காட்சியை வெட்டலாமே!

பாட்காஸ்டில் கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை. கேட்பவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டோ பைக் ஓட்டிக்கொண்டோ இருப்பார், கை ஈரம். ஆகவே தொடக்கத்தில் ஒருமுறையும், அந்தப் பகுதிக்குச் சற்று முன்னால் இன்னொரு முறையும் வாயால் சொல்ல வேண்டும்: “அடுத்த நாலு நிமிஷம் ஒரு பொண்ணு தனக்கு நடந்த பாலியல் வன்முறையைச் சொல்றாங்க. வேண்டாம்னா 31ஆவது நிமிஷத்துக்குப் போயிடுங்க.” சொன்ன பிறகு ஐந்து விநாடி அமைதி விடுங்கள், கையைத் துடைக்க அவகாசம் வேண்டும். 2019 மார்ச்சில் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கு வெடித்தபோது, ஒரு பெண் கெஞ்சும் குரல் சுற்றாத கைபேசி இல்லை. படத்தை மங்கலாக்கியவர்கள் ஒலியை அப்படியே விட்டார்கள். எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அந்த ஒலிதான், படம் அல்ல.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்தை முதலில் அனுப்பாதீர்கள். ஒரு வரி எழுதி, கேட்டு, பதில் வந்தபின் அனுப்புங்கள். குடும்பக் குழுவில் கேட்டாலும் பயனில்லை, பெரியப்பா 'அனுப்பு' என்பார், பக்கத்தில் அவர் பேத்தி அதே கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டெலிகிராமில் படத்தை மறைத்து அனுப்பும் வசதி இருக்கிறது, தொட்டால்தான் தெரியும். இன்ஸ்டாகிராமில் பல படங்களை வரிசையாகப் போடும்போது முதல் படத்தை வெறும் எழுத்தாக வையுங்கள். சிறுகதைக்குத் தலைப்புக்கும் முதல் வரிக்கும் இடையே சாய்வெழுத்தில் ஒரு வரி, நாடகத்துக்கு டிக்கெட் விற்கும் இடத்தில் ஓர் அட்டை. இவ்வளவு போதும்.

ஐந்தாம் படி: படிக்க விடுங்கள்

தமிழ்ச் சொற்கள் நீளம். திரையில் நான்கு வரித் தமிழை மூன்று விநாடி காட்டினால் யாரும் படித்து முடிக்க மாட்டார்கள். வாய்விட்டு, அவசரமில்லாமல், இரண்டு முறை படித்துப் பாருங்கள். அவ்வளவு நேரம் அட்டை நிற்க வேண்டும். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. திகில் இசை வேண்டவே வேண்டாம். பின்னணியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டால் எச்சரிக்கை மறுபடி சுவரொட்டி ஆகிவிட்டது. எழுதப்படிக்கத் தெரியாத என் அப்பத்தா போன்றவர்களும் வீடியோ பார்க்கிறார்கள், அதனால் அட்டையைக் குரலிலும் வாசித்துவிடுங்கள், செய்தி வாசிப்பவர் குரலில் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் குரலில்.

தற்கொலை: இதற்குத் தனி விதி

மற்ற காட்சிகளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே பார்ப்பவர் மனம் நோவது மட்டும் ஆபத்து அல்ல, பார்த்துப் பின்பற்றுவதும் ஆபத்து. ஆகவே முன்னால் எச்சரிக்கை போட்டாலும் உள்ளே எழுதக்கூடாதவை உண்டு. இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி நெறிகளை ஏற்றது. எப்படி இறந்தார் என்ற முறையை விவரிக்கக் கூடாது, தலைப்பைப் பரபரப்பாக்கக் கூடாது, படம் வீடியோ போடக் கூடாது, திரும்பத் திரும்ப முதன்மை இடத்தில் வைக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை.

நடப்பு என்ன? எந்த விஷம், எங்கே வாங்கினார், எத்தனை மணிக்கு என்று மூன்று பத்தி எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கட்டத்துக்குள் 'தற்கொலை எதற்கும் தீர்வல்ல' என்று ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தை நான் குறை சொல்லவில்லை, அதிலுள்ள எண்கள் உயிர் காக்கும். ஆனால் அதை மேலே ஏற்றி, மூன்று பத்தியைக் கீழே தள்ளாமல் அப்படியே அழித்துவிடலாம். 'தற்கொலைக்கு முயன்று தோல்வி' என்று எழுதாதீர்கள், பிழைத்தது தோல்வியா என்ன? தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. வீடியோ என்றால் இவை திரையில் நிற்பதோடு விளக்கப் பெட்டியின் முதல் இரண்டு வரிக்குள்ளும் வரவேண்டும், 'மேலும் காட்டு' என்பதைத் தட்டினால்தான் தெரியும் இடத்தில் அல்ல.

ஒளி மின்னும் காட்சிகள்

மனதை அல்ல, மூளையை நேராகத் தாக்குவது இது. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு பகுதி ஒளிபரப்பானபோது சிவப்பும் நீலமும் மாறிமாறி வேகமாக மின்னியதில் சுமார் 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள். வலிப்பு, வாந்தி, தலைசுற்றல். இணைய அணுகல் தரநிலைகள் சொல்லும் வரம்பு, ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னக் கூடாது. கானா பாட்டுக்கு ஸ்ட்ரோப் லைட் போட்டு வெட்டும் எடிட்டர் நண்பர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். குறைக்க முடியவில்லை என்றால் 'ஒளி வேகமாக மின்னும் காட்சிகள் உள்ளன. வலிப்பு நோய் உள்ளவர்கள் கவனம்' என்று நேராகப் போடுங்கள்.

சான்றிதழும் எச்சரிக்கையும்

யூ, யூ/ஏ, ஏ என்பதே எச்சரிக்கை இல்லையா என்று கேட்பவர்களுக்கு: அது வயதைச் சொல்கிறது, விஷயத்தைச் சொல்லவில்லை. 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தம் யூ/ஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. ஓடிடிக்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளிலேயே இந்தப் பிரிவு வந்துவிட்டது. அதோடு, என்ன காரணத்துக்காக அந்த வயது என்று தொடக்கத்தில் காட்டவும், 13+க்கும் அதற்கு மேலுள்ளவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வைக்கவும் அந்த விதிகள் சொல்கின்றன. திரையின் மூலையில் 'வன்முறை, மொழி' என்று வருகிறதே, அதுதான். 'மொழி' என்றால் என்ன? நாம் எல்லாரும் மொழிதான் பேசுகிறோம். யாரோ ஓர் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்த்திருக்கிறார்கள். வசைச்சொல் என்று போட்டிருந்தால் அப்பத்தாவுக்கும் புரிந்திருக்கும். சான்றிதழ் பெற்ற படமானாலும் மேலே சொன்ன தாளை எழுதிப் பாருங்கள். 47 வயது ஆளுக்கும் தம்பி செத்த விதம் தம்பி செத்த விதம்தான்.

கடைசிப் படி: வெளியிட்ட அன்று

வேலை முடிந்துவிட்டது என்று மடிக்கணினியை மூடாதீர்கள். உங்கள் கணக்கில் உள்நுழையாத வேறொரு கைபேசியில் தேடிப் பாருங்கள். முகப்பில் என்ன தெரிகிறது, தானாக ஓடும் முன்னோட்டத்தில் எந்த இடம் ஓடுகிறது, இணைப்பை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் எந்தப் படம் முளைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கருத்துப் பகுதியில் யாராவது 'இதையும் சொல்லியிருக்கலாம்' என்று எழுதினால் வாதாட வேண்டாம், விளக்கப் பெட்டியைத் திருத்தி, நிமிடத்தைச் சேர்த்து, 'சேர்த்துவிட்டேன்' என்று பதில் போடுங்கள். அந்த அக்கா பேசிய அன்றே நான் செய்த முதல் வேலை அதுதான்.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முகப்புப் படம் ஏற்ற மறந்திருந்தேன். யூடியூப் தானாகவே வீடியோவிலிருந்து மூன்று ஃப்ரேம்களை எடுத்து, அதில் ஒன்றை முகப்பாக வைத்திருந்தது. லாரியின் முன்சக்கரமும் பைக்கும். அதுவரை பார்த்த 1,100 பேரும் அந்தப் படத்தைத் தட்டித்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். நான் எழுதிய 'உருக்கும்' அட்டை அதற்குப் பிறகு வந்தது.